முழவுக் கலைஞரும் அவர்தம் நண்பரும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

காரைக்குடி என்றவுடன் வெளியூரார்க்கு நினைவு வருவன பெரிய வீடுகளும் பலகாரங்களுமே. இசை அறிந்தவர்களைக் கேட்டால் விடை வேறாக இருக்கும். வீணைக்குக் காரைக்குடிச் சகோதரர்கள். மிருதங்கத்திற்குக் காரைக்குடி மணி. நாம் நாள்தோறும் நடந்து செல்லும் இந்த ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து உலகெங்கும் கொண்டு சென்றவர்கள் இவர்கள்.

நம் பக்கத்துக் கல்யாண வீடுகளிலும், குன்றக்குடி, பிள்ளையார்பட்டித் திருவிழாக்களிலும் கச்சேரி முடிந்த பின் முதிய வித்துவான்கள் வெற்றிலைச் செல்லத்தைச் சுற்றி அமர்ந்து பேசுவதை நம்மில் பலர் கண்டிருக்கலாம். பேச்செல்லாம் மறைந்த பெரியவர்களையும் பழைய நண்பர்களையும் பற்றியதாகவே இருக்கும். இடையிடையே வாயால் ‘தகதிமி’ என்று சொல்லி, தொடையில் தாளம் தட்டி, “இந்த இடத்தை அவர் இப்படித்தான் வாசிப்பார்” என்பார்கள். முதியோரின் பொழுதுபோக்கு என்று நாம் எண்ணி விலகிவிடுகிறோம். அது அப்படியன்று. தாளக் கலைக்கு அந்தப் பேச்சுதான் நூல் நிலையம்.

ஏன் என்று பார்ப்போம். நம் பள்ளி பேண்டு வாத்தியத்தில் டிரம் அடிப்பதற்கு எழுதி வைத்த தாள் உண்டு. மிருதங்கக்காரரின் முன்னே தாள் ஏதும் இராது. தவில்காரரும் அப்படியே. அவர்கள் கற்பது வாய்ச் சொல்லால். இதனைச் சொற்கட்டு என்பர். ‘தகிட’ என்றால் மூன்று, ‘தகதிமி’ என்றால் நான்கு, ‘தகதகிட’ என்றால் ஐந்து. ‘ததிங்கிணதொம்’ என்பதற்கும் ஐந்து மாத்திரை. அதனை மூன்று முறை சொன்னால் பதினைந்து. ஆதி தாளத்தில் பாதி ஆவர்த்தனம் 16 மாத்திரை. ஆகவே ஒரு மாத்திரை விட்டுத் தொடங்கினால், மூன்றாம் முறை முடிந்த அடுத்த நொடியே சமம் வந்து சரியாக விழும். கேட்போர் தம்மை அறியாமல் தலையசைப்பார்கள். (நம் கணித ஆசிரியை இதைப் படித்தால் மகிழ்வார்கள்!) இந்தச் சொற்கள் குருவின் நாவிலிருந்து சீடனின் நாவுக்கும், பிறகு விரலுக்கும் செல்கின்றன. அடித்த ஓசை அக்கணமே மறைந்துவிடும். சொல்லி வைத்தால்தான் நிற்கும்.

பெரியவர்கள் பேச்சு பெரும்பாலும் புதுக்கோட்டையிலிருந்து தொடங்கும். மான்பூண்டியா பிள்ளை இளமையில் தீவட்டி பிடித்தவர் என்று சொல்வார்கள். ஒருவரிடம் தவில் பயின்று தாளக் கணக்குகளில் தேர்ந்த அவர், பஜனைகளில் தட்டப்பட்டு வந்த சிறு கருவியைக் கச்சேரிக்கு உரியதாக்கினார். அதுவே கஞ்சிரா. பலா மரச் சட்டத்தில் உடும்புத் தோல் போர்த்தி, ஓரத்தில் காசு கோத்திருக்கும். இன்று உடும்பைக் காக்கச் சட்டம் இருப்பதால் ஆட்டுத்தோல் முதலியவற்றையும் பயன்படுத்துகின்றனர். ஒரு கையில் பிடித்து மறு கையின் விரல்களால் மட்டும் வாசிக்கும் இச்சிறு கருவியைக் கொண்டு அவர் பெரிய மிருதங்க வித்துவான்களையே திகைக்க வைத்தாராம். அவர் 1922-இல் மறைந்தார். இன்றுபோல் கச்சேரிகளைப் பதிவு செய்யும் வழக்கம் அன்று இல்லை. அவருடைய கணக்குகளெல்லாம் சீடர்களின் நாவழியாக வந்தவையே.

அச்சீடர்களுள் ஒருவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை. நம் காரைக்குடி வீணைச் சகோதரர்களுக்கு மிருதங்கம் வாசித்தவர் இவர். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை பாடும்போது வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கொன்னக்கோல் என்று மேடை நிறைய பக்க வாத்தியங்கள் இருக்கும். நீதிமன்றத்தில் நீதிபதிகள் பலர் ஒன்றாய் அமர்வது போல இருந்ததால் அதற்கு ‘ஃபுல் பெஞ்சு’ கச்சேரி என்று பெயர். அந்த மேடைகளில் பிள்ளையவர்களின் கஞ்சிரா ஒலித்தது. தம்மைவிட மிக இளையவரான பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசிக்க, அருகில் கஞ்சிராவுடன் அமர்ந்தவரும் அவரே. 1936-இல் அவர் மறைந்தார்.

முதியவர்கள் மிக உருக்கமாகப் பேசுவது பழனி சுப்பிரமணிய பிள்ளையைப் பற்றி (1908–1962). அவருடைய தந்தை முத்தையா பிள்ளை மான்பூண்டியா பிள்ளையின் சீடர். மகனோ இடக்கைக்காரர். இதில் என்ன துன்பம் என்று தோன்றும். பாடகரின் வலப்புறம் மிருதங்கக்காரர் அமர்ந்தால், கணீரென்று ஒலிக்கும் வலந்தலை சபையை நோக்கி இருக்கும். இடக்கைக்காரருக்கோ எல்லாம் மாறிவிடும். அவர் பாடகரின் இடப்புறம் அமர வேண்டும். அங்கு வழக்கமாக இருப்பவர் வயலின் வித்துவான். அவர் எழுந்து மறுபுறம் போனால் வயலின் ஓசை சபைக்குச் சரியாகப் போகாது. ஆகவே வயலின்காரர் பலர் இசையவில்லை. திறமை இருந்தும் வெறும் இருக்கைக் காரணத்தால் வாய்ப்பு இழப்பது எத்தனை கொடுமை! அந்நாளில் செம்பை வைத்தியநாத பாகவதர் பழனியை விரும்பித் தம் கச்சேரிகளுக்கு அழைத்து ஆதரித்தார். பிறகு பழனியின் புகழ் எங்கும் பரவியது.

ரசிகர்கள் பழனி கட்சி, மணி ஐயர் கட்சி என்று பிரிந்து வாதாடினார்களாம். கட்சி கட்டியவர்களுக்குத்தான் பகை. மணி ஐயர் மிருதங்கம் வாசிக்க, பழனி கஞ்சிராவை எடுத்துக்கொண்டு அருகில் அமர்ந்த கச்சேரிகள் பல. தாமும் முதல் தரமான மிருதங்க வித்துவானாயிருந்தும் இரண்டாம் வாத்தியத்தை ஏற்றுக்கொண்ட அந்தப் பெருந்தன்மையைத்தான் பெரியவர்கள் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். பழனியின் சீடர்களுள் தஞ்சாவூர் ரங்கநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும், திருச்சி சங்கரன் 1971 முதல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்திலும் மிருதங்கம் கற்பித்தனர். புதுக்கோட்டைச் சொற்கட்டை வெள்ளைக்கார மாணவர்கள் கைத்தாளம் போட்டுச் சொல்வதை நினைத்தால் நமக்கு வியப்பாக இருக்கிறது.

இராமநாதபுரம் முருகபூபதி இவ்விருவருக்கும் இணையாகப் பேசப்பட்டவர். 1985 வரை நம் ஊரும் இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆதலால் அவரும் நம்மவரே என்று உரிமை கொண்டாடலாம். காரைக்குடி மணி 1945-இல் இங்கே பிறந்து, ரங்கு ஐயங்காரிடம் பாடம் தொடங்கினார். பாட்டே இல்லாமல் தாள வாத்தியங்களை மட்டும் வைத்துக் கச்சேரி செய்து காட்டினார். அவரும் கஞ்சிரா ஹரிசங்கரும் சேர்ந்தால் இரு கருவியா ஒரு கருவியா என்று தெரியாது என்பார்கள். ஹரிசங்கர் 2002-இல் இளமையிலேயே மறைந்தார். மணி அவர்கள் 2023 மே 4-ஆம் நாள் காலமானார்.

இனி, இந்தப் பேச்சுகளில் எளிதில் வராத பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிருதங்கம் தானாக ஒலிப்பதில்லை. பலா மரத்தைக் குடைந்து, மாடு, ஆடு, எருமைத் தோல்களைப் பதப்படுத்தி, வார் பிடித்து இழுத்து, வலந்தலையில் சோற்றோடு கருங்கல் பொடியைச் சேர்த்துப் படலம் படலமாகத் தேய்த்து ஒட்ட வேண்டும். ஒரு படலம் பிசகினாலும் நாதம் கெடும். தஞ்சாவூரில் செபஸ்தியான் என்பவரின் வழிவந்த கிறிஸ்தவக் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக இவ்வேலையைச் செய்தனர். அக்குடும்பத்துப் பர்லாந்துதான் பாலக்காடு மணி ஐயருக்குப் பல ஆண்டுகள் மிருதங்கம் செய்து கொடுத்தார். மணி ஐயர் விரும்பிய நாதம் எது என்பதை அவரைப் போல் அறிந்தவர் இல்லை. 1966-இல் மணி ஐயருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் கிடைத்தது. மிருதங்கக் கலைஞர் ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதல் முறை. அந்தப் புகழில் பர்லாந்தின் கைக்கும் பங்கு உண்டு. ஆனால் தோல் தொட்டு வேலை செய்யும் தாழ்த்தப்பட்ட மக்கள் என்பதால் இவர்களுக்கு மேடையில் இடமில்லை; நண்பர் என்று சொல்லும் வழக்கமும் குறைவு. 2020-இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா இவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழு நூலே எழுதிய பிறகுதான் பலர் இப்பெயர்களை அறிந்தனர். நமக்கும் அதன் பிறகே தெரிந்தது.

இன்னொரு பெயரும் உண்டு. அது நம் போன்ற பெண்களுக்கு உரியது. தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் மாணவர்களுள் 1910-இல் பிறந்த திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் ஒருவர். பெண்கள் மிருதங்கத்தைத் தொடுவதே புதுமையாக இருந்த நாளில் அவர் மேடையேறி வாசித்தார். பெண்களில் முதல் மிருதங்கக் கலைஞர் என்று அவரைச் சொல்கின்றனர். முதியவர்கள் பேச்சில் இப்பெயர் தானாக வருவதில்லை. நாம் கேட்டால்தான் வருகிறது. கேட்டதும், “ஆமாம், அந்த அம்மாள்!” என்று நிமிர்ந்து உட்கார்ந்து நிறையச் சொல்கிறார்கள். திருக்கோகர்ணம் புதுக்கோட்டையை ஒட்டியே இருக்கிறது. நம் ஊரிலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது.