மும்பை தாஜ்: பழைய கட்டடமா, டவரா?

மும்பை தாஜ் ஹோட்டலை முன்பக்கம் பின்பக்கமாக மாற்றிக் கட்டிவிட்டார்கள், அதைப் பார்த்த வெள்ளைக்கார ஆர்க்கிடெக்ட் தற்கொலை பண்ணிக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. நானும் ரொம்ப நாள் நம்பினவன்தான். ஆனால் தோண்டினால் கதை நிற்கவில்லை. வடிவமைத்தவர்கள் சீதாராம் கண்டேராவ் வைத்யாவும் டி.என்.மிர்சாவும். 1900ல் வைத்யா மலேரியாவில் இறந்துபோக, சேம்பர்ஸ் என்கிற ஆங்கிலேயர் முடித்துக் கொடுத்தார்.

பழைய வாசல் ஊர்ப்பக்கம் இருந்தது உண்மை. இப்போது நீச்சல் குளம் இருக்கிற இடம் அது. வண்டிகள் பின்னால் வந்துவிட்டால் கடல் பார்த்த பக்கம் முழுக்க அறைகளுக்கே மிச்சம். ஹோட்டல் திறந்த 1903ல், ஏசி இல்லாத ஊரில், இது தப்பா சொல்லுங்க?

இதன் பெரிய பலம் அந்தக் கட்டடம்தான்: உயரமான கூரை, குவிமாடத்துக்குக் கீழே நடுவில் எழும் படிக்கட்டு. 2008 தாக்குதலில் பலமாக அடிபட்டு, சீர்செய்து, 2010 ஆகஸ்ட் 15ல்தான் மறுபடி திறந்தார்கள். எனவே உள்ளே பார்ப்பதெல்லாம் நூறு வருஷப் பழசு என்று நினைத்துவிடாதீர்கள்.

பலவீனம்? ஒரே பெயரில் இரண்டு கட்டடம். பக்கத்தில் நிற்கும் டவர் எழுபதுகளில் வந்தது. உயரத்திலிருந்து கடல் நன்றாகத் தெரியும், ஆனால் நீங்கள் தேடிப்போன பழைய தாஜ் அது இல்லை. பழைய கட்டடத்திலும் எல்லா அறையும் கடலைப் பார்ப்பதில்லை; சில அறைகளுக்குக் குளம்தான். விமான நிலையமோ வெகுதூரம், டிராஃபிக் வேறு.

புக் பண்ணும்போது எந்தக் கட்டடம், எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை கட்டுப்படியாகாது என்றால், முதல் மாடி சீ லவுஞ்சில் ஜன்னலோரமாக ஒரு டீ.