புறநகர்ப் பொது நூலகங்களும் சமூக சேவைகளும்: சேலம், நாமக்கல் மாவட்டங்கள்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் புறநகர்ப் பகுதிகளில் உள்ள பொது நூலகங்கள், தமிழ்நாடு அரசின் பொது நூலகத் துறையின் கீழ் மாவட்ட நூலக ஆணைக்குழுக்களால் நடத்தப்படுகின்றன. இவற்றில் யாரும் கட்டணமின்றி உட்கார்ந்து படிக்கலாம். உறுப்பினரானால் நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். இதை இலவச சேவை என்று சொல்வது வழக்கம். ஆனால் சொத்துவரி கட்டும் ஒவ்வொரு குடும்பமும் இதற்கான பணத்தை ஏற்கெனவே செலுத்தியிருக்கிறது.

நூலக வரி

1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலைக்குப் பின் இந்திய மாகாணம் ஒன்று இயற்றிய முதல் பொது நூலகச் சட்டமாகும். நூலக அறிஞர் சீ. இரா. அரங்கநாதன் பல ஆண்டுகள் முயன்றதன் பயனாக, தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது இது நிறைவேறியது. சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. நூலகம் அரசின் தயவையோ செல்வந்தரின் கொடையையோ மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பது இதன் உட்கருத்து. தற்போது சொத்துவரியில் ஒரு ரூபாய்க்கு 10 காசு வீதம் இது வசூலிக்கப்படுகிறது. சொத்துவரி 1,500 ரூபாய் என்றால் அதன்மீது நூலக வரி 150 ரூபாய். வாடகைக்குக் குடியிருப்போர் நேரடியாக வரி கட்டுவதில்லை. ஆனாலும் வாடகையில் அதுவும் அடங்கியே இருக்கும்.

வரியை வசூலிப்பது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகிய உள்ளாட்சி அமைப்புகள். அவை அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் சிக்கல். வசூலான தொகை உரிய காலத்தில் கைமாறாமல் நிலுவையாக நிற்பது தமிழ்நாட்டில் பழைய கதை. நிலுவை கூடினால் புதிய நூல்கள், நாளிதழ்கள், கட்டடப் பராமரிப்பு எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டியிருக்கும். தம் பகுதியில் எவ்வளவு வசூலானது, எவ்வளவு ஒப்படைக்கப்பட்டது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்து எவரும் கேட்டறியலாம். நூலகத்தில் புத்தகம் இல்லை என்று குறைபடுவோரில் மிகச் சிலரே இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்.

எந்த நூலகம் யாருடையது

மாவட்ட மைய நூலகம் தலைநகரில் இருக்கும். அதற்குக் கீழே கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதிநேர நூலகங்கள் என்ற வரிசை உண்டு. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டத்திற்குத் தனி ஆணைக்குழு உள்ளது. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக்கப்பட்டு, அங்கேயும் ஒரு நூலகம் இயங்குகிறது. வெளியூர்க்காரர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமலே திரும்பிவிடுவது உண்டு.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு வகை, ஊராட்சி நூலகம். 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுப்பப்பட்டது. இவை நூலகத் துறையைச் சேர்ந்தவை அல்ல. ஊராட்சியின் பொறுப்பில் உள்ளவை. பல இடங்களில் சில ஆண்டுகளிலேயே பூட்டு விழுந்தது. நகரம் விரிந்து வீட்டுமனைகள் ஊராட்சிக்குள் நீண்டுவிட்ட சேலம் புறநகரில், ஒரே சாலையின் ஒரு பக்கம் மாநகராட்சியாகவும் மறுபக்கம் ஊராட்சியாகவும் இருக்கக் கூடும். எனவே பூட்டிய நூலகத்தைத் திறக்கக் கோரி மனு எழுதும் முன், கட்டடம் யாருடையது என்று தெரிந்துகொள்வது முதல் வேலை. ஊராட்சி நூலகத்திற்காக மாவட்ட நூலக அலுவலரிடம் போனால் நடைதான் மிச்சம்.

பயன்படுத்தும் முறை

நாளிதழ், வார இதழ் படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டால் போதும். அந்தக் கையெழுத்தைச் சம்பிரதாயம் என்று நினைத்துத் தவிர்ப்பவர்கள் உண்டு. ஒரு நூலகத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதற்கு அந்தப் பதிவேடுதான் சான்று. கூடுதல் இதழ்களோ தரம் உயர்த்தலோ கேட்கும்போது அதுவே பேசும்.

உறுப்பினராவதற்கு முகவரிச் சான்றுடன் சிறு காப்புத்தொகையும் சந்தாவும் செலுத்த வேண்டும். 1,000 ரூபாய் நன்கொடை அளிப்போர் புரவலர் ஆவர். கிளை நூலகங்கள் பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் திறந்து, நண்பகலில் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை வார விடுமுறை. பள்ளிபாளையம், குமாரபாளையம் போன்ற விசைத்தறி ஊர்களில் ஷிப்டு முடிந்து வருபவர் கதவு சாத்தியிருப்பதைக் கண்டு திரும்புவது இதனால்தான். உள்ளூர் வாசகர் வட்டம் உயிரோடு இருக்கும் இடங்களில் இத்தகைய குறைகளை நூலகரிடம் எடுத்துச் சொல்ல ஆள் இருக்கிறது. தேவையான நூலின் பெயரை எழுதிக் கொடுப்பதும் வாசகர் வட்டத்தின் வழியாகச் செய்தால் எடுபடும்.

நூலகத்துக்கு வர இயலாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தன்னார்வலர்கள் வழியே வீட்டுக்கே நூல் கொண்டு சேர்க்கும் நூலக நண்பர்கள் திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. கல்லூரி மாணவர்கள் இதில் தன்னார்வலராகச் சேரலாம். கிடைக்காத பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம் உண்டு. அதற்கு உறுப்பினர் அட்டையும் தேவையில்லை.

போட்டித் தேர்வு எழுதுவோர்

புறநகர் நூலகங்களின் மேசைகளை இன்று நிறைத்திருப்பவர்களில் பலர் அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள். ஒற்றை அறை வீட்டில், தறிச் சத்தத்துக்கு நடுவே படிக்க முடியாதவருக்கு அமைதியான ஒரு நாற்காலியே பெரிய உதவி. இவர்களுக்கு வேறு இரண்டு இடங்களும் உள்ளன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டம் இலவசப் பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது. மற்றொன்று, அண்மை ஆண்டுகளில் நகராட்சி நிருவாகத் துறை நகரங்களில் கட்டிய அறிவுசார் மையம். இது உள்ளாட்சியின் நிருவாகத்தில் இருப்பதால் விதிமுறைகளை அந்தந்த மையத்திலேயே கேட்டறிய வேண்டும்.

பிற சேவைகள்

சாதி, வருமான, இருப்பிடச் சான்றிதழ்களுக்கு அரசு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்; எல்லை எதுவானாலும் எந்த மையத்திலும் பதியலாம். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வீட்டிலேயே மருந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. 

குறைகளைச் சொல்லும் இடங்கள்

ஊராட்சிப் பகுதியினர் தங்கள் நூலகத்தைப் பற்றிக் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அதற்குரிய நாள்கள். நகர்ப்புறத்தவருக்குப் பகுதி சபை உண்டு. திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இரு சாராரும் மனு கொடுக்கலாம். நூலகமே இல்லாத குடியிருப்பினர், வாடகையில்லா இடத்தையும் தளவாடங்களையும் தேடிக்கொண்டு, வேண்டிய அளவு உறுப்பினர்களைச் சேர்த்து, பகுதிநேர நூலகம் கேட்டு மாவட்ட நூலக அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். மனுவுடன் தெருவாரின் வரி ரசீது நகல்களை இணைப்பது நல்லது.