வாட்டர் ஸ்கூட்டரை நிறுத்துவது எங்கே? ஏரிக்கு ஏற்றது மிதவை மேடைதான்

பிரம்மதேசம்:

மரக்காணத்துக்கு வடக்கே முதலியார்குப்பத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக படகு குழாம் உள்ளது. பிரம்மதேசம் பக்கத்து வாலிபர்கள் வாட்டர் ஸ்கூட்டரில் சீறிப்பாய அங்கேதான் போகணும்.

ஓட்டுவது சுலபம். நிறுத்துவதுதான் தலைவலி. இந்த வண்டி அடியில் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கம் பீய்ச்சி அடித்து ஓடுகிறது. 3 அடிக்கும் குறைவான தண்ணீரில் என்ஜினை போட்டால் மணல், பாசி எல்லாம் உள்ளே போய் இம்பெல்லர் காலி.

அப்போ கான்கிரீட் படித்துறை? நம்ம ஊர் ஏரிக்கு சரிப்படாது. சித்திரையில் தரை தெரியும். கார்த்திகையில் கரை தட்டும். 2024-ல் பெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியதை மறக்க முடியுமா?

தண்ணீர் ஏறினால் தானும் ஏறுவது மிதவை மேடை. காற்றடைத்த பிளாஸ்டிக் பெட்டிகளை கோர்த்து செய்வது. 3 பேர் உட்காரும் வண்டி 300 கிலோவுக்கு மேல் இருக்கும். அந்த எடையை தாங்குமா என்று கேட்டு வாங்கணும். வண்டியை மெதுவாக ஓட்டி அப்படியே மேலே ஏற்றிவிடலாம்.

வெறும் கயிற்றில் கட்டினால் புயலில் அறுத்துக்கொண்டு போய்விடும். இரும்பு தூண் நட்டு வளையம் மாட்டணும். தூண் வெள்ள மட்டத்தைவிட உயரமாக இல்லாவிட்டால், வளையம் கழன்று மேடையே மிதந்து போகும்.

பக்கத்தில் இருக்கிற கழுவேலியில் ஓட்டலாமே என்ற பேச்சே வேண்டாம். 2021 டிசம்பரிலேயே அது பறவைகள் சரணாலயம் ஆகிவிட்டது.