குழிப்பந்தாட்டத் திடல்களில் புல்வகைக் களைகளைக் கட்டுப்படுத்தல்

கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தில் புல்தரையே ஆடுகளம். அந்தத் தரையில் வேண்டாத வேறு புல் முளைத்தால் அதுவும் களையே. புல்லுக்குள் வளரும் புல்லை நீக்குவது திடல் பராமரிப்பில் மிகக் கடினமான வேலைகளுள் ஒன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களில் அருகம்புல் திடல்களில் முளைக்கும் போவா அனுவா என்னும் களைப்புல்லை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

ஏன் கடினம்?

1940களின் நடுவில் விற்பனைக்கு வந்த 2,4-டி என்னும் களைக்கொல்லி, அகன்ற இலைக் களைகளை அழிக்கும். புற்களைப் பெரும்பாலும் பாதிக்காது. அதனால் புல்தரையில் முளைக்கும் அகன்ற இலைச் செடிகளை நீக்குவது எளிதாயிற்று. களையும் புல்லாக இருக்கும்போது இந்த வேறுபாடு கைகொடுக்காது. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால், ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றொன்றையும் வாட்டக்கூடும்.

இரண்டு புற்களின் இயல்பு

அருகம்புல்லின் அறிவியல் பெயர் சைனோடான் டாக்டிலான். நம் வயல்களில் உழவர் பிடுங்கி எறியும் இதே புல்லும் அதன் கலப்பினங்களும் அமெரிக்காவில் பெர்முடா புல் என்ற பெயரில் திடல்களில் விரும்பி வளர்க்கப்படுகின்றன. இது வெப்பத்தை விரும்பும் புல். உறைபனி விழும் குளிர்காலத்தில் இலைகள் பழுப்பாகி, உறக்கநிலைக்குச் செல்லும்.

போவா அனுவா இதற்கு நேர் எதிரானது. இலையுதிர் காலத்தில் மண்ணின் வெப்பநிலை ஏறத்தாழ 21 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது முளைக்கத் தொடங்குகிறது. குளிர்காலத்தில் வளர்ந்து, வசந்தத்தில் விதைத்து, கோடை வெயிலில் மடிகிறது. குழியைச் சுற்றியுள்ள பரப்பில் புல்லை 3 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டினாலும் இது கதிர்விடும். வெண்மையான கதிர்கள் பந்து சீராக உருளுவதைக் கெடுக்கின்றன. மடிந்த இடங்கள் வெறுந்தரையாகின்றன. உதிர்ந்த விதைகள் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும்.

காலமே கருவி

ஒரு புல் விழித்திருக்கும்போது மற்றது உறங்குகிறது. கட்டுப்பாட்டு முறைகள் பலவும் இந்த வேறுபாட்டையே பயன்படுத்துகின்றன.

முளைக்கும் முன்: புரோடயமின் போன்ற களைக்கொல்லியை இலையுதிர் காலத்தில், விதை முளைப்பதற்கு முன்பே தெளித்து நீர் பாய்ச்சுகிறார்கள். அது மண்ணின் மேலடுக்கில் தங்கி, இளவேரின் செல் பிரிதலைத் தடுக்கிறது. நன்கு வேரூன்றிய அருகம்புல் இதைத் தாங்கும். முளைத்துவிட்ட களைக்கு இதனால் பெரும்பயன் இல்லை. குளிர்காலப் பசுமைக்காக ரை புல் விதைக்கும் திடல்களில் ஒரு சிக்கல் உண்டு: இம்மருந்து அந்த விதையையும் முளைக்க விடாது.

முளைத்த பின்: அருகம்புல் முழு உறக்கத்தில் இருக்கும்போது கிளைபோசேட் தெளித்து, பச்சையாக நிற்கும் களையை அழிக்கலாம். அருகம்புல் துளிர்க்கத் தொடங்கியிருந்தால் அதுவும் பாதிக்கப்படும்.

எதிர்ப்புத்திறன்

ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்த இடங்களில் அது பலனளிக்காமல் போனது. புரோடயமின், சிமாசின், கிளைபோசேட் ஆகியவற்றைத் தாங்கும் போவா அனுவா வகைகள் அமெரிக்காவில் கண்டறியப்பட்டுள்ளன. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைத் தாங்குபவையும் உண்டு.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் திறனை அந்தச் செடிக்குத் தருவது மருந்து அன்று. பல்லாயிரம் செடிகளில் மரபு மாற்றத்தால் அரிதாகத் தாங்குதிறன் பெற்ற ஒன்றிரண்டு பிழைக்கின்றன. மற்றவை மடிந்துவிடுவதால் அவற்றின் விதைகளே தரையில் பெருகுகின்றன. இது இயற்கைத் தேர்வு. ஆகவே மருந்தின் வணிகப் பெயரை மாற்றினால் போதாது. அது செடியினுள் செயல்படும் விதமே மாற வேண்டும்.

மருந்தில்லா முறைகள்

• தரையை அடர்த்தியாக வைத்திருத்தல். வெற்றிடமும் வெளிச்சமும் கிடைக்காத இடத்தில் களை நாற்று எளிதில் பிழைக்காது.
• நீரை அளவோடு விடுதல். எப்போதும் ஈரமாக உள்ள மண் போவா அனுவாவுக்கு ஏற்றது.
• இறுகிய மண்ணைத் துளையிட்டுக் காற்றோட்டம் தருதல். இதைக் களை முளைக்கும் இலையுதிர் காலத்தில் செய்யாமல், அருகம்புல் செழித்து வளரும் கோடையில் செய்ய வேண்டும்.
• குளிர்காலத்தில் தழைச்சத்து உரத்தைக் குறைத்தல். அப்போது உரத்தை உண்பது விழித்திருக்கும் களையே.
• வெட்டும் எந்திரங்களைக் கழுவுதல். புதிதாகத் தென்படும் சில செடிகளைக் கதிர்விடும் முன் கையால் பிடுங்குதல்.

களையே தரையாகும் இடங்கள்

குளிர்ந்த பகுதிகளில் சில திடல்கள் இப்புல்லை ஏற்றுக்கொண்டுவிட்டன. பென்சில்வேனியாவின் ஓக்மான்ட், கலிபோர்னியாவின் பெபிள் பீச் ஆகிய புகழ்பெற்ற திடல்களில் குழியைச் சுற்றியுள்ள பரப்பு போவா அனுவாவால் ஆனது. பல்லாண்டுகள் மிகத் தாழ்வாக வெட்டியதால், குட்டையாகவும் அடர்த்தியாகவும் பல பருவங்கள் வாழும் வகைகள் அங்கே நிலைத்துவிட்டன. தெற்கே மருந்து செய்த தேர்வை இங்கே வெட்டும் எந்திரம் செய்திருக்கிறது.

எனவே ஒரு திடலில் களைக்கொல்லியைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: இந்தக் களை எப்போது முளைக்கிறது? தரைப்புல் அப்போது எந்த நிலையில் இருக்கிறது? சென்ற ஆண்டுகளில் இங்கே எந்த மருந்து தெளிக்கப்பட்டது? இவற்றுக்கு விடை தெரியாமல் தெளிக்கும் மருந்து பணத்தை வீணாக்கும். மருந்தைத் தாங்கும் விதைகளையும் மண்ணில் பெருக்கும்.