படுகளமும் கிரேக்க நாடகமும்

பண்டைக் கிரேக்கரின் துன்பியல் நாடகங்களைப் பற்றி வினவினால், தலைவனைக் கெடுப்பது ‘ஹுப்ரிஸ்’ என்றும், அதற்கு மிக்க செருக்கென்று பொருளென்றும் மாணவர் பலர் விடை கூறுவர். நாமும் தேர்வில் அவ்வாறே எழுதியவர்தாம். ஆயினும், அவ்விடை முற்றும் பொருந்துவதன்று. அதனை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம். அதற்கு ஏதென்ஸ் நகரத்து அரங்கிற்கு மட்டுமன்றி, நம் தொண்டை நாட்டுத் திரௌபதியம்மன் திருவிழாவிற்கும் செல்லல் வேண்டும்.

அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் தலைவனது வீழ்ச்சிக்குக் காரணமாகக் கூறிய சொல் ‘ஹமார்ட்டியா’ என்பதாகும். குறி தவறுதல் என்னும் கருத்தினின்று பிறந்த அச்சொல் பிழையென்னும் பொருளது. ஹுப்ரிஸே அப்பிழை என்று அவர் அந்நூலில் யாண்டும் கூறினாரல்லர். சொற்பொழிவுக் கலையைப் பற்றிய வேறொரு நூலிலேதான் ஹுப்ரிஸ் இன்னதென வரையறுக்கின்றார். தனக்கு ஓர் ஊதியமுங் கருதாமல், பழிக்குப் பழி வாங்கும் நோக்கமுமின்றி, பிறரை நாணுறச் செய்து அதனால் இன்புறுவதே ஹுப்ரிஸ் என்பது அவர் கருத்து. எனவே, அஃது உள்ளத்துள் ஒடுங்கிக் கிடக்கும் செருக்கு மட்டுமன்று. பிறர்மேற் பாயும் செயலுமாம். ஏதென்ஸில் அது வழக்குத் தொடுத்தற்குரிய குற்றமாகவும் இருந்தது.

இவ்விலக்கணத்திற்கு இலக்கியம் வேண்டின், துரியோதனன் அவையை நோக்குக. சூதில் நாட்டையும் பொருளையும் வென்ற பின்னர், அவன் பெறவேண்டிய ஊதியம் ஒன்றுமில்லை. இருந்தும் திரௌபதியை அவைக்கு இழுத்துவரச் செய்தான்; தன் தொடையைக் காட்டி இகழ்ந்தான்; அவள் நாணக் கண்டு மகிழ்ந்தான். அத்தொடையே பின்னர்ப் பிளவுண்டது.

நம் பக்கத்துத் திருவிழாக்களில் பகலிற் பாரதம் படித்துப் பொருள் கூறுவர். இரவில் தெருக்கூத்து நிகழும். முடிவில் வருவது படுகளம். வெட்டவெளியில் துரியோதனனது பேருருவம் மண்ணாற் சமைக்கப்பட்டு மல்லாந்து கிடக்கும். வீமன் வேடம் பூண்டவர் தொடையில் அடிக்க, அங்கிருந்து செந்நீர் வெளிப்படும். திரௌபதி தன் விரித்த கூந்தலை அப்பொழுதுதான் முடிப்பாள். அதன் பின்னர்ப் பல ஊர்களில், வீழ்ந்தவனுக்காக அவன் குலமகளிர் அரற்றும் ஒப்பாரியும் உண்டு. அவன் அழிவைக் காண வந்தோரே அவனுக்காகக் கண் கலங்குவர்.

இதனோடு எஸ்கிலஸ் இயற்றிய ‘பாரசீகர்’ நாடகத்தை ஒப்பிடலாம். பாரசீக வேந்தன் செர்க்ஸஸ் மரக்கலங்களைப் பிணைத்துக் கடலிடுக்கின்மேற் பாலமிட்டுக் கிரேக்க நாட்டின்மேற் படையெடுத்தான். கி. மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் அவன் கப்பற்படை தோற்றது. எட்டாண்டு கழித்து, கி. மு. 472இல், வென்ற ஏதென்ஸ் நகரிலேயே இந்நாடகம் அரங்கேறியது. தந்தை தாரயன் ஆவியாய்த் தோன்றி மகனது வரம்பு கடந்த செயலைக் கண்டிக்கின்றான். மேடையில் அழுபவர் பாரசீக முதியோரும், வேந்தனின் தாயும், இறுதியிற் கந்தலாடையுடன் வரும் செர்க்ஸஸுமே ஆவர். பகைவன் துயரைத் தம் துயர்போற் காட்டிய அப்பெருந்தன்மையும் நம் படுகளத்து ஒப்பாரியும் ஓரினத்தனவாகும்.

கிரேக்கர் ஊழினை ‘மொய்ரா’ என்றனர்; அச்சொல்லுக்குப் பங்கு என்பது முதற்பொருள். தன் பங்கினைக் கடந்து பிறர் பங்கிற் கைவைப்பவன் கெடுவான் என்பது அவர் துணிபு. மீஞ்சூருக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டு ஏரியின் மீனவர்க்கு இது புதிதன்று. ஆங்கு வலையிடும் இடங்களைப் பாட்டுரிமை உடையோர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வலிமையுடையோன் என்பதற்காக ஒருவன் மற்றவன் முறையைக் கவர்தல் கூடாது. ஐந்தூர்களேனும் தருக என்று கண்ணன் தூது வந்து கேட்டபோது அதனையும் மறுத்த துரியோதனன், இந்நீதியைத்தான் மிதித்தான். ஆயினும் பாட்டிலும் இடம் பெறாத மீனவர் உளர்; அதுபற்றிய பூசலும் உண்டு. பங்கு வகுப்போர் யாரைப் புறத்தே நிறுத்தினோம் என்று எண்ணிப் பாராதொழியின், முறையினுள்ளேயே செருக்குப் புகுந்துவிடும்.

இனி, நம்மைப் பற்றியும் ஒன்று கூறி முடிப்போம். ஒரு விடுமுறையில், கல்லூரி மாணவர் சிலராகக் கூத்துக் களரியின் ஓரத்தில் நின்றோம். கூத்தரின் உச்சரிப்பையும், வியர்வையில் வழிந்த அரிதாரத்தையும் அவர் கேட்குமாறு எள்ளி நகைத்தோம். துரியோதனன் வேடம் பூண்ட முதியவர் ஒருகணம் நம்மை நோக்கினார். பின்னர்த் தம் பாட்டைத் தொடர்ந்தார். அந்நகையால் நாம் பெற்ற ஊதியம் ஒன்றுமில்லை. அவர் நமக்குத் தீங்கு செய்தவருமல்லர். அவர் நாணுதல் கண்டு இன்புற்றோம், அவ்வளவே. அதற்கு அரிஸ்டாட்டில் இட்ட பெயரை மேலே எழுதியுள்ளோம். மதிப்பெண் பெற்ற விடையினும் அம்முதியவரது நோக்கே அச்சொல்லின் பொருளை நமக்குத் தெளிவாக உணர்த்திற்று.