கனவுத் தோற்றம் தரும் நிழற்படம்

கேரள மாநிலத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், பூவார் என்னும் கடற்கரை ஊர் அமைந்துள்ளது. அகத்தியமலைப் பகுதியில் பிறக்கும் நெய்யாறு ஏறக்குறைய 56 கிலோமீட்டர் ஓடி, இவ்விடத்தில் அரபிக்கடலை அடைகிறது. ஆற்றின் கழிக்கும் கடலுக்கும் இடையே நீண்டதொரு மணல்மேடு கிடக்கிறது. மழைக்காலத்தில் வெள்ளம் பெருகும்போது அம்மணல் அறுபட்டுப் பொழிமுகம் திறக்கிறது. மழையற்ற மாதங்களில் அலைகள் மணலைக் கொணர்ந்து அதனை மீண்டும் அடைக்கின்றன.

காலை வேளையில் அம்மணல்மேட்டில் நின்று கிழக்கே நோக்கினால், தென்னந்தோப்பின் ஊடே கதிரவனின் ஒளி பரந்து வருவதைக் காணலாம். காற்றில் மிதக்கும் நீர்த்திவலைகளும் உப்புத் துகள்களும் அவ்வொளியைச் சிதறடிக்கின்றன. ஓலைகளின் விளிம்பில் ஒளி கசிந்து நிற்கிறது. கைப்பேசியால் அக்காட்சியைப் படம் பிடித்தாலோ, ஒவ்வோர் ஓலையும் தெளிவாகத் தெரியும். கண்ணுற்ற மென்மை மட்டும் இராது. அம்மென்மையைக் கணிப்பொறியில் உண்டாக்குவது எவ்வாறு? அதை எங்கே பயன்படுத்தலாகாது? இவ்விரண்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

மங்கல் வேறு, மென்மை வேறு

குவியம் தவறிய படம் மங்கலாக இருக்கும், அதில் அழகில்லை. மென்தோற்றம் உடைய படத்தில் உருவத்தின் விளிம்பு தெளிவாகவே இருக்கும். அதைச் சுற்றி ஒளிப்படலம் ஒன்று படர்ந்திருக்கும். அதாவது, தெளிந்த பிம்பமும் மங்கிய பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருப்பதே மென்தோற்றம்.

கோளவடிவப் பரப்புடைய எளிய லென்ஸ் இதனைத் தானாகவே செய்கிறது. லென்சின் விளிம்பு வழியே செல்லும் கதிர்கள், நடுவே செல்லும் கதிர்களைவிடச் சற்று முன்னதாகவே குவிகின்றன. நடுக்கதிர்கள் தெளிந்த உருவத்தைத் தர, விளிம்புக்கதிர்கள் அதன்மேல் ஒளிப்படலத்தைப் பரப்புகின்றன. லென்சின் துளையைச் சுருக்கினால் விளிம்புக்கதிர்கள் தடுக்கப்பட்டு, படலம் குறைகிறது. குறைபாடு என்று கருதப்பட்ட இப்பண்பையே பிற்காலத்தில் உருவப்பட லென்சுகளில் வேண்டுமென்றே அமைத்தனர்.

கூர்மையைக் கைவிட்டு மென்மையை நாடியோருள் முன்னோடியாக விளங்கியவர் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார். 1815ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்த இவர், 1863ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தம் 48ஆம் வயதில் காமிராவைக் கைக்கொண்டார். இவருடைய படங்கள் தெளிவற்றவை என்று அக்காலத்து நிழற்படக் கலைஞர் பலர் குறை கூறினர். 1875இல் இலங்கையில் குடியேறி, அங்குத் தோட்டத் தொழிலாளரையும் படம் பிடித்தார். 1879இல் அங்கேயே மறைந்த அவருடைய கல்லறை பொகவந்தலாவையில் உள்ளது. குறை கூறப்பட்ட அப்படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் போற்றப்படுகின்றன.

1980களில் கனடா நாட்டு நிழற்படக் கலைஞர் மைக்கேல் ஆர்ட்டன், ஒரே காட்சியைத் தெளிவாக ஒரு முறையும் குவியம் தவறச் செய்து மற்றொரு முறையும் பிலிமில் எடுத்து, இரண்டையும் ஒட்டவைத்து ஒரே படமாக்கினார். கணிப்பொறி முறையின் மூலம் இதுவே.

எண்களில் ஒரு விளக்கம்

டிஜிட்டல் படம் என்பது எண்களின் அணிவகுப்பு. கறுப்பு 0; முழு வெண்மை 255. ஓலையின் விளிம்பில் அடுத்தடுத்துள்ள ஆறு படப்புள்ளிகள் 0, 0, 0, 240, 240, 240 என்று இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு புள்ளிக்கும் அதனையும் அதன் இரு பக்கத்துப் புள்ளிகளையும் சேர்த்துச் சராசரி கண்டால், 0, 0, 80, 160, 240, 240 என்றாகும். இது மங்கல். இதனையும் மூலத்தையும் சரிபாதியாகக் கலந்தால் 0, 0, 40, 200, 240, 240 கிடைக்கும். 40க்கும் 200க்கும் இடையிலுள்ள பெரும் தாவல் விளிம்பைக் காக்கிறது. அதன் இருபுறமும் உள்ள சிறு மாற்றம் மென்மையைத் தருகிறது. ஆசிரியர்கள் இக்கணக்கைக் கரும்பலகையில் செய்து காட்டலாம்.

செய்முறை

விலையின்றிக் கிடைக்கும் 'கிம்ப்' போன்ற மென்பொருள் இதற்குப் போதும். முதலில் படத்திற்கு ஒரு நகல் எடுத்துக்கொள்க. நகலைத் திறந்து, அடுக்கை இரட்டிப்பாக்குக. மேலடுக்குக்குக் 'காசியன்' மங்கலை அளிக்க வேண்டும். கணித மேதை காஸின் பெயரால் வழங்கும் இம்முறையில், அருகிலுள்ள புள்ளிகளுக்கு மிகுதியாகவும் தொலைவிலுள்ளவற்றிற்குக் குறைவாகவும் மதிப்பளித்துச் சராசரி காணப்படுகிறது. மங்கலின் அளவைப் படத்தின் அகலத்தில் நூற்றுக்கு அரைப் பங்கிலிருந்து தொடங்கலாம். 4,000 புள்ளி அகலமுள்ள படத்திற்கு அது 20 புள்ளி.

பின்னர் மேலடுக்கின் அடர்த்தியை 30 முதல் 50 விழுக்காட்டிற்குக் குறைக்க வேண்டும். ஒளிர்வு மிகுதியாக வேண்டுமாயின் 'ஸ்கிரீன்' என்னும் கலப்பு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். இது ஒரே வெண்திரையில் இரு படங்களை ஒருங்கே வீழ்த்துவதை ஒத்தது. எனவே படம் வெளுக்கும். கீழடுக்கை முன்னரே சற்று இருட்டாக்கிக்கொள்வது நன்று.

இயற்கையான மூடுபனி தொலைவு கூடக்கூட அடர்த்தி பெறும். மென்பொருளோ அண்மையையும் சேய்மையையும் அறியாது. எங்கும் ஒரே அளவில் மங்கச் செய்யும். ஆதலின், அருகிலுள்ள படகின் மேலுள்ள மங்கலை மறைப்பு கொண்டு நீக்கி, தொலைவிலுள்ள தோப்பின்மேல் மட்டும் விட்டுவைத்தால் படம் இயல்பாகத் தோன்றும்.

சான்றுக்கு மென்மை ஆகாது

களப்பணியாளர் ஒருவர் பொழிமுகத்தைத் திங்கள்தோறும் ஒரே இடத்திலிருந்து படம் எடுத்துவருவதாகக் கொள்வோம். அப்படத்தில் முக்கியமானது மணல் எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்பதே. மென்மையாக்கிய படத்தில் அவ்விளிம்பே முதலில் குலைகிறது. மேற்கண்ட கணக்கில் 40, 200 என்னும் எண்களை மட்டும் காண்பவர், அவை ஈரமணலா, கலப்பால் வந்தவையா என்று அறிய இயலாது. பின்னர்க் கூர்மையாக்கும் கருவியைப் பயன்படுத்தினாலும் அழிந்த நுண்விவரம் முழுமையாக மீளாது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நிரப்பித் தரும் விவரமோ ஊகமேயன்றிச் சான்று ஆகாது.

கைப்பேசிகள் சிலவற்றில், பயனர் கேளாமலே முகத்தை மென்மையாக்கும் அமைப்பு இயங்குகிறது. பயிர்நோய், தோல்நோய், சுவர் வெடிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்வோர் இத்தகைய அழகூட்டும் அமைப்புகள் அனைத்தையும் நிறுத்திவிட்டுப் படம் எடுத்தல் வேண்டும். மூலப்படத்தைத் தனியே பாதுகாத்து, மாற்றிய நகலுக்கு வேறு பெயரிட்டு, மாற்றம் செய்யப்பட்டது என்று அதன் அடியில் குறித்தல் நலம்.

பூவாரின் காலை ஒளியைப் பள்ளிச் சுவரில் மாட்டுவதற்கு மென்மைப் படம் ஏற்றது. அதே பூவாரின் மணல்மேடு இவ்வாண்டு எவ்வளவு நகர்ந்தது என்று அறிவதற்கோ மூலப்படமே வேண்டும். இரண்டையும் கலவாது காப்பதே நற்பழக்கம்.