நிலக்கரியோடு வைக்கோலும் சேர்ந்தால் டீசல்

தென்னாப்பிரிக்காவின் செகுண்டா நகரில் உள்ள சசோல் ஆலை, நிலக்கரியிலிருந்து பெட்ரோலும் டீசலும் தயாரிக்கிறது. இனவெறி ஆட்சிக் காலத்தில், கச்சா எண்ணெய் வரத்து நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் வளர்ந்த தொழில் இது. உலகில் ஒரே இடத்திலிருந்து மிக அதிகமாகக் கரியமில வாயுவை வெளியேற்றும் ஆலைகளில் ஒன்றும் இதுதான்.

இவ்வளவு வாயு எங்கிருந்து வருகிறது? நிலக்கரியை முழுதாக எரியவிடாமல், ஆக்சிஜனும் நீராவியும் அளவாகச் செலுத்திக் கடும் வெப்பத்தில் வாயுவாக்குகிறார்கள். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த அந்த வாயு, இரும்பு அல்லது கோபால்ட் வினையூக்கியின் மேல் பட்டு, திரவ எரிபொருளாகவும் மெழுகாகவும் மாறுகிறது. 1920-களில் ஜெர்மனியின் முல்ஹைம் நகரில் ஃபிரான்ஸ் ஃபிஷரும் ஹான்ஸ் டிராப்ஷும் உருவாக்கிய முறை இது. ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு ஹைட்ரஜன் தேவை. நிலக்கரியில் அவ்வளவு கிடையாது. பற்றாக்குறையை ஈடுகட்ட, கார்பன் மோனாக்சைடில் ஒரு பகுதியை நீராவியுடன் வினைபுரியச் செய்கிறார்கள். ஹைட்ரஜன் கிடைக்கிறது, கூடவே கரியமில வாயுவும் பிறக்கிறது. அதை வானில் விட்டால், இந்த டீசலின் மொத்த மாசு சாதாரண டீசலைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

இங்கேதான் வைக்கோலும் மரத்தூளும் உதவிக்கு வருகின்றன. அவற்றிலுள்ள கார்பன் அண்மையில் காற்றிலிருந்து செடி எடுத்துக்கொண்டது; எரியும்போது அதுவே காற்றுக்குத் திரும்புகிறது. ஆனால் அவை ஈரமானவை, இடத்தை அடைப்பவை, அறுவடைக் காலத்தில் மட்டும் குவிபவை. பெரிய ஆலையை ஆண்டு முழுவதும் ஓட்ட நிலக்கரி கைகொடுக்கும். நெதர்லாந்தின் பக்கனம் மின்நிலையம் நிலக்கரியோடு மரத்தையும் சேர்த்து வாயுவாக்கிக் காட்டியது. 2013-இல் அது மூடப்பட்டது. இப்படிக் கலப்பதில் சிக்கல்களும் உண்டு. நார் நிறைந்த மரம் நிலக்கரிபோல் பொடியாகாது. முதலில் மிதமாக வறுக்க வேண்டும். வைக்கோலிலுள்ள பொட்டாசியத்தால் சாம்பல் எளிதில் உருகி உலைச் சுவரில் ஒட்டும்.

அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட கணக்கின்படி, எடையில் 8 சதவீதம் தாவரப் பொருளைச் சேர்த்து, கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடியில் புதைத்தால், பெட்ரோலிய டீசலைவிட மாசு 20 சதவீதம் குறையும். இந்தக் கணக்கில் பெரும்பங்கு புதைப்பதற்கே உரியது. வினையூக்கிக்கு அனுப்பும் முன் கரியமில வாயுவை எப்படியும் பிரித்தே ஆக வேண்டியிருப்பதால், அதைப் பிடிக்கும் செலவும் இங்கே குறைவு. ஆகவே புதைக்கும் இடத்தையும் அதைக் கண்காணிக்கும் பொறுப்பையும் சொல்லாமல் ‘தாவரக் கழிவு கலந்தது’ என்று மட்டும் விளம்பரப்படுத்தும் எந்தத் திட்டத்துக்கும் அரசு அனுமதி தரக் கூடாது. ஆலைக்குப் போகும் மரம் மரம் அறுக்கும் ஆலையின் கழிவா, காட்டை வெட்டியதா என்பதையும் அனுமதி விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும்.